சுவரை மறைத்த அலுமாரி

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் எனக்குக் கை சும்மா இராது. கூட்டுவேன், துடைப்பேன், கதிரையின் கிழிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். "அம்மாவின் கண்காட்சி தொடங்கிவிட்டது" என்று மகள் டெனிஷில் சொல்லுவாள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். இந்தப் பழக்கம் ஒருதரம் அவளுடைய மூச்சோடு விளையாடிவிட்டது என்பதை அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். இதை வாசிக்கிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் காணாது, அதுவும் எனக்கு ஒரு வசதிதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இக்காஸ்ட் என்ற சின்ன டெனிஷ் நகரில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குத் துணி ஆலையில் வேலை, ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பலகை விற்கும் மரக்காலையில் வேலை, மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாராம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் கதைத்தால் யாரோ தண்டம் அறவிடுவார்கள் என்பதுபோல் இருப்பார். படியில் கண்டால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன்.

மேலே எங்களுக்குச் சமைக்க ஒரு குசினி, கூரைச் சரிவுக்குள் ஒடுங்கிய ஒரு முன்னறை, வடக்குப் பக்கமாக ஒரு படுக்கை அறை. முன்னறையில் இரண்டு கதிரையும் ஒரு சின்ன மேசையும் போட்டால் பிறகு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியாது. ஆகவே நாங்கள் மூவரும் வடக்கு அறையில்தான் படுத்தோம். அந்த அறையின் வெளிச்சுவர் ஐப்பசியில் வியர்க்கத் தொடங்கும். மார்கழியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கும். அடியிலிருந்து பூஞ்சணம் கறுப்பாக ஏறி, என் இடுப்பளவுக்கு வந்துவிடும். ஹீட்டரைத் தொட்டால் சுடும், இரண்டடி தள்ளி நின்றால் பல் கிட்டும்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அந்த வீட்டில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்திலேயே அவளுக்கு முட்டு வந்துவிட்டது. மூச்சு எடுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகும், நெஞ்சுக்குள் விசில் ஊதும். டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு முதலே கேட்ட கேள்வி, "பிள்ளை படுக்கும் அறையில் ஈரம் இருக்கிறதா?" என்பதுதான். ஓம் என்றேன். "அப்படியானால் என் மருந்து பாதி வேலைதான் செய்யும்" என்றார். வேறு வீடு கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை இருந்தது.

அரசாங்க உதவி பற்றி எனக்குத் தெரியவந்தது மொழிப் பள்ளிக்கூடத்தில். ஆசிரியை ஒருநாள் வாசிப்புப் பயிற்சிக்காக ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய வீடுகளில் வெளிச்சுவர் இரட்டைச் சுவராக இருக்கும், நடுவில் வெறும் இடைவெளி. அதற்குள் கல்லை உருக்கிச் செய்த பஞ்சைக் குழாயால் ஊதி நிரப்பினால் சூடு வெளியே போகாது, சுவரும் வியர்க்காது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக அந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். இதை வாசித்துக் கீழே உள்ள ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதினார்கள். நான் கையைத் தூக்கி, "இது உண்மையா, அல்லது பாடமா?" என்று கேட்டேன்.

ஆசிரியை சிரித்தார். ஆனால் பாடம் முடிந்ததும் என்னை நிறுத்தி வைத்து, நகரசபையான கொமூன் கந்தோருக்கு அங்கிருந்தே ரெலிபோன் எடுத்து விசாரித்தார். உண்மைதான். வீட்டின் சொந்தக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் வந்து வீட்டைப் பரிசோதிப்பார். இந்த வருடம் கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஈரம் பிடித்த வீடுகளுக்கும் நோயாளிகள் உள்ள வீடுகளுக்கும்தான் முதல் இடம். சம்மதக் கடிதம் கையில் வருவதற்கு முன் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது, அடித்தால் உதவி இல்லை. நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்காரரிடம் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு போனேன். "மேலே கொஞ்சம் குளிர்" என்றேன், சிரித்துக்கொண்டு. பூஞ்சணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருவருடைய வீட்டில் இருந்துகொண்டு அந்த வீட்டை அவருடைய முகத்துக்கு முன்னால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரசாங்கக் கடதாசியும் நானும் ஒத்துப்போவதில்லை" என்றார். பிறகு, "ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் மிச்சத்தை நான் போடுகிறேன். கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். முழுவதையும் போட என்னிடம் இல்லை." அன்றைய பத்துச் சொல்லையும் தாண்டிவிட்டார். அகராதியும் ஆசிரியையும் உதவ நான் படிவத்தை நிரப்பினேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று கிழமையில் பரிசோதகர் வரும் நாள் அறிவித்துக் கடிதம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவருக்கு என்னைவிட மோசம்.

"அந்த மனுசன் வந்து குளிரில விறைச்சுப் போனா என்ன நினைப்பான்?" என்றார். "நான் எங்கட ஊர்ப் பெடியள் இருக்கிற வீட்டில ரெண்டு கறண்ட் ஹீட்டர் வாங்கிக்கொண்டு வாறன்."

"சுவரை என்ன செய்யிறது?" என்றேன்.

"அது அசிங்கமெல்லோ. கழுவி விடுவம்."

கழுவினோம். மூக்கைப் பொத்திக்கொண்டு குளோரின் போட்டு நான் தேய்த்தேன், இவர் ஆலையில் யாரோ கொடுத்த வெள்ளைப் பெயின்ரைப் பூசினார். பெயின்ற் ஒட்டாமல் அடியில் ஊறிக் கறுத்த இடத்துக்கு அலுமாரியை இழுத்து மறைத்தோம். யன்னல் சட்டங்களின் இடுக்குகளில் என் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திரியாக்கிச் செருகினோம். விடியற்காலையிலேயே இரண்டு ஹீட்டரையும் போட்டு அறையைச் சூடாக்கி, அவர் வரும் நேரம் அவற்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். கொப்பன்ஹேகனில் இருந்து வந்த உளுந்தைப் பொங்கலுக்கு என்று பொத்தி வைத்திருந்தேன், அதை எடுத்து வடை சுட்டேன். மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, மருந்தும் கொடுத்து, இருமல் வராமல் மடியில் வைத்திருந்தேன்.

எங்களுக்கு எதற்காக அவர் வருகிறார் என்பது தெரியும். சுவரைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்துகொண்டுதான் சுவரை மறைத்தோம். இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று எங்களுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. ஈரம் எங்கே போகும், அது சுவருக்குள்தானே இருக்கிறது, படித்த மனிதர் கருவியை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்வார், நாங்கள் செய்ய வேண்டியது வந்தவரை வடிவாக வரவேற்பது என்று நினைத்தோம்.

பரிசோதகர் உயரமான, சிவந்த முகமுள்ள மனிதர். வந்து ஐந்து நிமிடத்தில் கோட்டைக் கழற்றினார், பிறகு கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். "நல்ல இதமான வீடு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரிசோதகர் சுவரைத் தட்டிப் பார்த்தார், அளந்தார், கொப்பியைத் திறந்து எங்களிடம் கேட்டார்:

"உங்களுக்கு இங்கே குளிர்கிறதா? ஈரம் ஏதும்?"

இவர் நிமிர்ந்து நின்று சொன்னார். "இல்லை, இல்லை. ஒரு பிரச்சினையும் இல்லை."

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "மிக நல்ல வீடு" என்றேன். கொப்பியோடு வாசலுக்கு வரும் உத்தியோகத்தரிடம் வேறு பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. ஊரில் அப்படி யாராவது வந்து நின்றால், உள்ளே எது எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் சொல்லுவோம். அவர்கள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதுதான் முக்கியம். பரிசோதகர் ஏழு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"மனுசன் கோட்டைக் கழட்டிப் போட்டெல்லோ இருந்தவன், பாத்தனீரே?" என்று இவர் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பதில் தை மாதம் வந்தது. வீட்டுக்காரர் அதை மேலே கொண்டுவந்து தந்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு கீழே போனார். அகராதியை வைத்து வாசித்தேன். வெளிச்சுவரில் இடைவெளி உண்டு, ஈர அடையாளம் இல்லை. அறையின் சூடு போதியது. குடியிருப்பவர்கள் குறை எதுவும் தெரிவிக்கவில்லை. இந்த வருடப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

ஹீட்டர்களைப் பெடியளிடம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டோம். புதுப் பெயின்ற் அதற்குள் கொப்பளித்து உரிந்து, கறுப்பு முன்பைவிட உயரமாக ஏறியிருந்தது. அந்தக் கிழமையே மகளுக்கு முட்டு கடுமையாகி, ஹேர்னிங் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அவளுடைய சின்ன முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் இவரில் வைத்தேன்.

"பிரச்சினை இல்லையெண்டு சொன்ன வாயால இப்ப வந்து சொல்லுங்கோ பாப்பம், உங்கட பிள்ளைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லையோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் காலைத் தடவினார். அவர் ஒரு பொய் சொன்னார் என்றால், நான் வடையும் சுட்டேன். இரண்டுபேரும் சேர்ந்துதான் இதைச் செய்தோம் என்று அப்போது விளங்கி, எனக்கு அழுகை வந்தது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கடதாசியை எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கொமூன் கந்தோருக்குப் போனேன். எங்களுக்கு இன்னும் நிரந்தர விசா வரவில்லை. அரசாங்க ஆளிடம் பொய் சொன்னோம் என்று நானே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. வழி நெடுக ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண் இருந்தாள். அவளுக்கு முன்னால் போய் நின்று ஒப்புவித்தேன்:

"எங்கள் வீட்டில் ஈரம் இருக்கிறது. உங்கள் ஆள் வந்தபோது நாங்கள் அதை மறைத்தோம்."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மறைத்தீர்களா? உதவி கேட்டது நீங்கள்தானே. ஏன் மறைத்தீர்கள்?"

ஊரைப் பற்றி, கொப்பியோடு வருகிறவர்களைப் பற்றி, வீட்டுக்காரர் வாசலில் நின்றதைப் பற்றி எல்லாம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த டெனிஷில் அவ்வளவுக்கு இடமில்லை. "விருந்தாளி வந்தார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் ஆஸ்பத்திரிக் கடதாசியை வாங்கி வாசித்தாள். பிறகு ரெலிபோனை எடுத்தாள். அந்த ஆள் மறுபடி வருவார், ஆனால் சொந்தக்காரரும் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள். அவளைப் பிறகு நான் கண்டதில்லை. இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது நெற்றியைச் சுருக்கினார். "ஒரு தடவை என்றுதானே சொன்னேன்."

"பிழை என்னுடையது" என்றேன். "ஒரு தடவை மட்டும் இன்னும்."

இரண்டாம் முறை பரிசோதகர் வந்தபோது நான் வீட்டைக் கூட்டவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று, பகிடிக்குச் சொல்லவில்லை. யன்னலில் இருந்த சேலைத் திரிகளைப் பிடுங்கி எறிந்தேன். தேத்தண்ணிகூட வைக்கவில்லை. வைத்தால் என் வாய் பழையபடி "நல்ல வீடு" என்று சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது. இவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலுமாரியை இழுத்தோம்.

பரிசோதகர் கோட்டைக் கழற்றவில்லை. குனிந்து சுவரில் விரலை வைத்தார், விரல் கறுப்பாக வந்தது. "உங்களுக்கு இங்கே குளிர்கிறதா?" என்று அதே கேள்வியைக் கேட்டார்.

"குளிருது" என்றார் இவர். தமிழில் வந்துவிட்டது. பிறகு டெனிஷில் சொன்னார். மகளைத் தூக்கி, அவளுடைய முதுகைப் பரிசோதகரின் பக்கம் திருப்பிப் பிடித்தார். காதை வைத்துக் கேட்கவே தேவையில்லை, அந்த விசில் அறை முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் வாசலில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனிதருடைய முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. உள்ளே வந்து, அந்தக் கறுப்பில் தன்னுடைய உள்ளங்கையை வைத்தார்.

"இரண்டு குளிர்காலமாக இப்படியா?"

"ஓம்."

"கொஞ்சம் குளிர் என்றீர்களே. கொஞ்சம் என்றுதானே சொன்னீர்கள்." அவருடைய குரல் உடைந்தது. "நான் கீழேதானே இருக்கிறேன்."

அவர் மேலே வந்த போதெல்லாம் நாங்கள் அவரை முன்னறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறோம். சுவரை மறைத்து வைத்த அந்த ஒரு நாளைத் தவிர, வடக்கு அறைக் கதவை ஒருநாளும் திறந்து காட்டியதில்லை. உதவ மனமில்லாதவர் என்று அவரை எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பரிசோதகர் நீளமாக எழுதினார். இந்த முறை உதவி கிடைக்கும் என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். ஆனால் கடிதம் வரச் சில கிழமை ஆகும், பஞ்சு ஊதுவதும் உறைபனி போன பிறகுதான், அதுவரை சுவரில் கை வைக்க வேண்டாம், அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், காற்றுப் படாவிட்டால் இன்னும் மோசமாகும் என்றார். எல்லாம் சொல்லி முடித்தும் அவர் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "போன முறை ஒரு பலகாரம் தந்தீர்கள். நடுவில் ஓட்டை இருந்தது" என்றார். நான் அழுகையும் சிரிப்புமாகக் குசினிக்குள் போய், மிச்சமிருந்த உளுந்தை ஊறப்போட்டேன். அது ஊறிச் சுட்டு முடிய மத்தியானம் திரும்பிவிடும் என்று விளங்கப்படுத்தியதும் அவர் தேத்தண்ணியோடு போனார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மேலே வந்தார். கையில் தன்னுடைய தலையணை.

"பிள்ளை கீழே என் அறையில் படுக்கட்டும்" என்றார். "அது தெற்குப் பக்கம். கொதிகலனுக்கு நேர் மேலே, காய்ந்த அறை. நீங்கள் மூவரும் அங்கே. நான் இங்கே."

வேண்டாம், கூடாது என்று இவர் பதறினார். வீட்டுக்காரர் தலையணையை எங்கள் கட்டிலில் வைத்துவிட்டார். அத்தோடு கதை முடிந்தது. சுவரில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை, இடம் மாற உரிமை இருந்தது.

கீழே போன மூன்றாம் நாள் மகளின் விசில் குறைந்தது. ஒரு கிழமையில் அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். அவளுடைய நெஞ்சு சத்தமில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலே வீட்டுக்காரர் இருமுவது தலைக்கு மேலுள்ள பலகை வழியாகக் கேட்கத் தொடங்கியது.

ஒரு காலையில் அவரைப் படியில் மறித்தேன். கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர், மூக்கு நுனி சிவப்பு. "அங்கே உங்களுக்குக் குளிர்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை" என்றார். "ஒரு பிரச்சினையும் இல்லை."

இந்தப் பொய்யை எனக்குத் தெரியாதா? அவர் வேலைக்குப் புறப்படுவதற்குள் பெடியளிடம் மறுபடி வாங்கி வைத்திருந்த ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். பின்னால் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். கதவைத் தள்ளினேன். அறை சுத்தமாகக் கூட்டியிருந்தது. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தது. அலுமாரி, நாங்கள் முன்பு தள்ளிய அதே இடத்தில், சுவரோடு ஒட்டி நின்றது.

அவர் தரையைப் பார்த்தார். நான் பார்த்து மனம் வருந்தக்கூடாது என்று தள்ளி வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது, டெனிஷ் ஒரு சொல்லும் வரவில்லை. ஹீட்டரைக் கீழே வைத்துவிட்டு அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். "மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன்.

பிடித்தார்.